காப்புக் கட்டும் முன் தீர்க்க வேண்டிய நாட்டுக்கடன்

கடன் என்ற சொல் காதில் விழுந்தாலே ஈஸ்வரமூர்த்திக்குக் கழுத்தில் அரிப்பு எடுக்கும். சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை, தோல் சிவந்து தடித்தே போகும். அவர் வீட்டுக் கோழி பக்கத்துக் களத்தில் நாலு சோளத்தைக் கொத்திவிட்டு வந்தால், அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், ஒரு பிடி சோளத்தைக் களத்தில் போட்டுவிட்டுத்தான் திரும்புவார். கோழியையும் ஏன் தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டால், அதற்கும் புத்தி வரட்டும் என்பார். சில்லறை இல்லையென்று கண்டக்டர் விட்டுவிட்ட இரண்டு ரூபாயைக் கொடுக்க அதே பஸ்ஸை ஸ்கூட்டரில் துரத்திக்கொண்டு பொள்ளாச்சி வரை போனவர். அந்தக் கண்டக்டர் பயந்துபோய் வேறு ரூட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார் என்று ஒரு பேச்சு உண்டு. நம்பாதவர்கள் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் விசாரித்துக்கொள்ளலாம்.

கேரள எல்லைக்குள் வேலந்தாவளம் ரோட்டோரம் தென்னந்தோப்பும் கொஞ்சம் கரும்பும் அவருக்கு இருந்தன. மகள் செல்வப்பிரியாவை மூணாற்றில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் மனைவி நாச்சம்மாளும்தான். ஆனால் அவருக்கு ஊரில் மரியாதை தோப்பால் வந்ததல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் காவடிக் கூட்டத்துக்கு அவர் குருசாமி. பல வருஷமாக அவர் முன்னால் நடந்தால்தான் மற்றவர்கள் பின்னால் நடப்பார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. காப்புக் கட்டும் அன்று குருசாமி மஞ்சள் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் கேட்பார்: “உன்ற பேர்ல கடன் இருக்குதா?” இல்லை என்றால்தான் கயிறு. இருக்கிறது என்றால் அடுத்த வருஷம். “கடனோட காவடி எடுத்தீன்னா, கடன் கொடுத்தவனும் காவடி மேல ஏறி உக்காந்துக்குவான். பழனி வரைக்கும் அவனையும் சேத்துச் சுமக்கோணும்” என்பது அவர் சொல்லும் நியாயம். எல்லோரும் “இல்லீங்க குருசாமி” என்று கையை நீட்டுவார்கள்.

போன வருஷம் தங்கதுரை மட்டும் நீட்டவில்லை. பங்காளி முறையில் அவருக்குத் தம்பி. நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவர், இரண்டு மாட்டோடு தனியாக இருப்பவர். உரக்கடையில் அவர் பேரில் பாக்கி நின்றது. வாய் கூசாமல் உண்மையைச் சொன்னார். அத்தனை பேர் பார்க்க ஈஸ்வரமூர்த்தி கயிற்றை மடக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். தங்கதுரை அந்த வருஷம் முழுக்கப் பால் விற்றுப் பாக்கியைத் தீர்த்தார். ஆனால் அந்த மடக்கிய கயிறு அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே கிடந்தது.

இந்த வருஷம் மார்கழி பாதியில் அந்த முள்ளுக்கு வேளை வந்தது. டீக்கடையில் ஈஸ்வரமூர்த்தி டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது, தங்கதுரை போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். அதில் டிவிக்காரர் ஒருவர் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார்: நாட்டின் கடன் ஏறிக்கொண்டே போகிறது, இந்தியாவில் பிறந்த ஒவ்வொருவர் தலையிலும் லட்சத்துக்கு மேல் கடன்.

“ஏனுங்கண்ணா, கேட்டீங்களா? ஒவ்வொருத்தர் தலையிலயுமாமா.”

“கேட்டன், கேட்டன். அதுக்கென்ன இப்ப?”

“உங்குளுக்குத் தலை இருக்குதில்லீங்க? அதான் கேட்டன். லட்ச ரூவாக் கடனோட காப்புக் கட்டுனா முருகன் ஒத்துக்குவாருங்களா? எனக்கு உரக்கடைப் பாக்கி எட்டாயிரந்தானுங்க இருந்துச்சு.”

கடை முழுக்கச் சிரித்தது. டீ ஆற்றுகிறவர்கூடச் சிரிப்பில் கொஞ்சம் டீயைக் கீழே ஊற்றினார். ஈஸ்வரமூர்த்தியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கழுத்தைச் சொறிந்தார்.

அன்றிலிருந்து மனிதருக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தோப்புக்குப் போவார், தண்ணீர் திறந்துவிடாமலே திரும்பி வருவார். சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்து முற்றத்தில் நடப்பார். அவர் நடந்த தடத்தில் புல் முளைக்காமல் போய், பின்னாளில் நாச்சம்மாள் அதிலேயே துணி காயப்போடும் கம்பம் நட்டாள்.

“ஏனுங்க, அந்தக் கடனுக்கு நீங்க கையெழுத்துப் போட்டீங்களா?” என்று கேட்டாள் அவள்.

“நான் எங்க போட்டன்? நாம ஓட்டுப் போட்டம். நாம அனுப்பிச்ச ஆளு வாங்கியிருக்கறான்.”

“அப்ப அந்த ஆளைப் போயிக் கேளுங்க. எதுக்கு என்ற முத்தத்தைத் தேய்க்கறீங்க?”

அவர் அந்த ஆளைத் தேடிப் போகவில்லை. கடனென்று இருந்தால் கட்டித் தீர்ப்பதுதான் வழி. கேரளத்தில் அரசாங்கக் கருவூலமே பேங்க் மாதிரி ஜனங்களிடம் பணம் வாங்கி வட்டி கொடுக்கும்; அப்படிச் சித்தூர் டிரஷரியில் அவருக்கு ஒரு வைப்புத்தொகை இருந்தது. அதை எடுத்துத் தன் தலைக்குரிய பங்கை மட்டும் கட்டிவிட்டு, ஒரு ரசீது வாங்கி தங்கதுரையின் முகத்துக்கு நேரே நீட்டுவது என்று முடிவு செய்தார். குளித்து, திருநீறு பூசி, முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனார்.

கவுண்டரில் ஜிஷா என்ற பெண் இருந்தாள். மலையாளக்காரி, ஆனால் அந்தப் பக்கத்து டிரஷரியில் இருந்து இருந்து தமிழ் நன்றாக வரும். அவர் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

“சேட்டா, ஒண்ணூடச் சொல்லுங்கோ. எஃப்.டி.யை முறிக்கணும். அந்தக் காசை இங்கே தன்னெ கட்டணும். எந்தினு, எதுக்கு?”

“நாட்டுக் கடனுக்குங்க. என்ற பங்கு.”

“அங்ஙனே பங்கு பிரிச்சு வாங்கற ஏற்பாடு இல்லா சேட்டா. வேணும்னா சர்க்காருக்கு நன்கொடைன்னு அடைக்கலாம். கடம் தீர்ந்துன்னு ரசீது ஆராலும் தரமுடியாது.” பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பின்னே ஒரு காரியம். சேட்டன்றெ எஃப்.டி. இங்கே இருக்கில்லே? அந்தக் காசை சர்க்கார் எடுத்துச் செலவு செய்யுது, வட்டி தருது. அப்போ சர்க்காருக்குக் கடம் கொடுத்தவங்கள்ல நிங்களும் ஒராளாணு.”

“நான் கடன்காரனில்லையா?”

“கடம் கொடுத்த ஆள்.”

“அப்ப என்ற தலையில இருக்கறது?”

“அதும் உண்டு.”

ஈஸ்வரமூர்த்தி கவுண்டர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தன் பணத்தைத் தானே அரசாங்கத்துக்குக் கொடுத்து, அந்தக் கடனைத் தானே தலையில் சுமந்து, அதற்கு வட்டியையும் தானே வரியாகக் கட்டித் தானே வாங்கிக்கொள்கிறார். கரும்பாலைச் செக்கைச் சுற்றிய மாட்டுக்குக்கூட இவ்வளவு தலை சுற்றியிருக்காது.

ஜிஷாவுக்கு இரக்கம் வந்தது. “கல்பாத்தியில அனந்தநாராயணன் சார்னு ஒராள் உண்டு. ஆடிட்டிலேந்து ரிட்டயரானவர். இவிடெ ஆடிட்டுக்கு வந்தா எங்களை எல்லாம் அழவெச்சிட்டுத்தான் போவார். சர்க்காரோட கடத்துக்கு ஆரு காவல்னு அவரைக் கேளுங்கோ.”

மறுநாளே பாலக்காட்டுக் கல்பாத்திக்குப் போனார். தேர்வீதியில் வீடு. அனந்தநாராயணன் எலும்பும் கண்ணுமாக இருந்தார். அரசாங்கக் கணக்குகளை வாழ்நாள் முழுக்கத் தணிக்கை செய்தவர். தணிக்கை என்றால் என்ன என்று அதுவரை அவரை யாரும் கேட்டதில்லை, கட்டின மனைவிகூட. இப்போது ஒரு தோப்புக்காரர் பஸ் ஏறி வந்து கேட்கிறார் என்றதும் அவருக்கு முகம் முழுக்க வெளிச்சம்.

“வாங்கோ, வாங்கோ. கோமதீ, காப்பி! நாட்டுக் கடனைப் பத்திக் கேக்க ஒருத்தர் வந்திருக்கார். ஆமாடீ, நெஜமாத்தான்.”

ஈஸ்வரமூர்த்தி நேராக விஷயத்துக்கு வந்தார். “இந்தக் கடனுக்குக் காவல் யாருங்க?”

“எங்க ஊர்த் தேர் பார்த்திருக்கேளா? முன்னால வடம் பிடிக்கறவா அத்தனை பேர். பின்னாலேந்து ஆனை தள்றது. எல்லாருக்கும் தேர் ஓடணும். சக்கரத்துக்கு அடியில கட்டை போடறவன் ஒருத்தன், ரெண்டு பேர். சட்டம்னா அந்தக் கட்டையாக்கும். இவ்வளவுக்கு மேல கடன் வாங்கப்பிடாதுன்னு பார்லிமெண்ட் கோடு போடலாம்னு அரசியல் சட்டத்திலேயே இருக்கு. போட்டும் இருக்கா. டில்லிக்குப் பாக்கி வெச்சிருக்கிற மாநிலம், டில்லி சம்மதம் இல்லாம புதுக் கடன் வாங்கப்பிடாது. அதுவும் இருக்கு.”

“நீங்க என்னங்க பண்ணுவீங்க?”

“நான் பக்கத்துல நின்னுண்டு, சக்கரம் ஓடைப் பக்கம் திரும்பறதுன்னு கத்தறவன். கட்டை போடற அதிகாரம் நேக்கில்லை. ரிப்போர்ட் எழுதுவோம். அதைச் சட்டசபையில வைப்பா. சபையில கணக்குக் குழுன்னு ஒண்ணு, அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேக்கும். சில சமயம் ரிப்போர்ட்டைச் சபை கலையற அன்னிக்குக் கொண்டுவந்து வைப்பா. அவா அவா ரயிலுக்குப் பொட்டி கட்டிண்டிருப்பா, யார் படிக்கறது?”

“வட்டிக்கு மட்டும் வருசா வருசம் எப்படீங்க பணம் வருது?”

“அதுதான் ரசம். மத்த செலவுக்கெல்லாம் சபையில ஓட்டு வேணும். வட்டிக்கு ஓட்டே கிடையாது. பேசலாம், தடுக்க முடியாது. வாங்கறப்போ கேக்கலேன்னா, கட்டறப்போ கேட்டுப் பிரயோஜனமில்லை.”

ஈஸ்வரமூர்த்தி நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். கோமதி கொண்டுவந்த காப்பி அவர் கையில் ஆறிக்கொண்டிருந்தது. “கோடு போட்டிருக்குதுங்கறீங்க. அப்பறம் எப்படீங்க கோட்டைத் தாண்டறாங்க?”

“தாண்டினான்னு எழுதப்பிடாது. ‘முழுமையாகக் காட்டப்படவில்லை’ன்னு எழுதணும்.” அனந்தநாராயணன் தானே சிரித்துக்கொண்டார். “ஒரு கம்பெனியை ஆக்கறது. கடனை அதன் பேர்ல வாங்கறது. ரோடும் பாலமும் அரசாங்கத்துக்கு. வட்டி கட்டறதும் அரசாங்கம். பேர் மாத்திரம் கம்பெனிக்கு. டில்லியும் பண்ணும், மாநிலங்களும் பண்ணும், அதுல கட்சிபேதமே இல்லை. கேட்டா, எங்க பேர்ல அந்தக் கடனே இல்லையேங்கறது.”

காப்பித் தம்ளர் ஈஸ்வரமூர்த்தியின் உதட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

“பேர்ல இல்லைன்னா... இல்லைதானுங்களே?”

“பேரா? யாருக்காக வாங்கினது, யார் அடைக்கறது? இந்த ரெண்டையும் கேட்டாப் போதும். பேர் என்ன பேர்! ஏன் கழுத்தைச் சொறிஞ்சுக்கறேள்? கொசுவா?”

திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் ஈஸ்வரமூர்த்தி நின்றுகொண்டே வந்தார்.

நாச்சம்மாளின் நகைகள் கூட்டுறவு பேங்கில் அடகு இருந்தன. போர்வெல் வற்றிப் புதிதாகப் போட்டபோது ஆரம்பித்தது. அப்புறம் செல்வப்பிரியாவின் கல்யாணம், சொட்டுநீர்க் குழாய். எல்லாம் விவசாய நகைக்கடன், எல்லாம் நாச்சம்மாள் பேரில். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நகை பெண்பிள்ளையுடையது, ஆகவே கடனும் அவள் பேரில். வருஷா வருஷம் கெடு வரும்போது அவள் போய் வட்டியை மட்டும் கட்டி, பழைய கடனை அடைத்ததாக எழுதி அன்றைக்கே புதுக் கடனாக மாற்றி வைத்துவிட்டு வருவாள். ஈஸ்வரமூர்த்தி ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பேங்க் வாசலில் கடலை தின்றுகொண்டு நிற்பார். உள்ளே ஒருநாளும் கால் வைத்ததில்லை. வைக்காததால்தான் அத்தனை வருஷமும் “என்ற பேர்ல ஒத்தைப் பைசாக் கடனில்லை” என்று கயிற்றைக் கட்டிக்கொள்ள முடிந்தது. அதில் அவருக்குக் கள்ளத்தனம் எதுவும் இல்லை. மனதார நம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “அந்த நகைக்கடன் என்னுதா, உன்னுதா?” என்று கேட்டார்.

நாச்சம்மாள் முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. “போர்வெல்லு என்னுதுங்களா, உங்களுதுங்களா?”

“நம்மளுது.”

“அப்ப கடனும் நம்மளுது. இதைக் கேக்கவா கல்பாத்தி வரைக்கும் போனீங்க?”

“எஃப்.டி.யை எடுத்து மீட்டிரலாமா?”

“கால்வாசிதானுங்க மீளும். அதும் அந்த எஃப்.டி.யே நகைக்கடன் காசுல மிச்சம் புடிச்சுப் போட்டதுதான். பேங்குல வட்டி கம்மி, டிரஷரியில வட்டி ஜாஸ்தின்னு கணக்குப் போட்டுச் சொன்ன புத்திசாலி யாருங்க?”

அந்தப் புத்திசாலி மறுபடியும் முற்றத்தில் நடக்க ஆரம்பித்தார். உண்மையைச் சொன்னால் குருசாமிப் பட்டம் போகும், தங்கதுரை ஊர் ஊராகச் சொல்லிச் சிரிப்பான். சொல்லாமல் கயிற்றைக் கட்டிக்கொண்டால், அத்தனை மைலும் பேங்க் மேனேஜரையே தோளில் சுமக்க வேண்டும். அவர் கொஞ்சம் பருமன் வேறு.

காப்புக் கட்டும் நாள் வந்தது. பிள்ளையார் கோயில் முன்னால் ஆண்கள் பச்சை வேட்டியோடு வரிசையாக நின்றார்கள். பின்னால் பெண்கள். காவடிக்கு மயிலிறகு கட்டியாகிவிட்டது, பஞ்சாமிர்தத்துக்கு மறையூர் வெல்லம் வந்து இறங்கிவிட்டது. முதல் கயிறு எப்போதும் குருசாமிக்கு. அவர் தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக் கட்டிக்கொள்வது வழக்கம்.

ஈஸ்வரமூர்த்தி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“நல்ல நேரம் போவுதுங்க குருசாமி” என்றார் தங்கதுரை. “நாட்டுக் கடனைக் கட்டி ரசீது வாங்கியாச்சுங்களா?”

“அதைக் கட்டறதுக்கு வழியில்லை. கேக்கறதுக்குத்தான் வழியிருக்குது. கேட்டு எழுதீட்டன்.” உண்மைதான். தணிக்கை அறிக்கையைப் பற்றிப் பேச சபையில் என்றைக்கு நாள் ஒதுக்குவார்கள் என்று எம்.எல்.ஏ.வுக்குத் தமிழில் ஒரு மனுப் போட்டிருந்தார். “ஆனா என்ற ஊட்டுல கடனிருக்குது. நாச்சம்மா பேர்ல. வாங்குனது எனக்காவ, வட்டி கட்டறது நானு. இத்தனை வருசம் கணக்குல காட்டாமயே கயிறு கட்டீட்டன்.”

காற்றுகூட நின்றுவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் நிற்கவில்லை, மயிலிறகெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

தங்கதுரை சிரிக்கப் போனவர், எதையோ யோசித்து வரிசையில் அடுத்து நின்ற சந்துருவின் பக்கம் திரும்பினார். “உன்ற பேர்ல கடனிருக்குதா சந்துரு?”

“இல்லீங்க.”

“ஊட்டுல?”

சந்துரு பிள்ளையாரைப் பார்த்தான். அவன் மனைவி யோகப்பிரியா பின்னாலிருந்து, “ஏனுங்க, என்ற தாலிக்கொடி எங்க இருக்குதுன்னு சாமி முன்னால சொல்லுங்க பாக்கலாம்” என்றாள்.

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. அப்புறம் அடக்க முடியவில்லை. என் வளையல், என் ஆரம், என் மாமியாருடைய காசுமாலை என்று ஒவ்வொருத்தியாகப் பேங்க் பெட்டகத்துக்குள் இருப்பதையெல்லாம் கோயில் வாசலில் கொட்டினார்கள். பேங்க்காரர்களுக்கே அத்தனை தெரிந்திருக்காது. வரிசையில் நின்ற ஆண்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். கடைசியில் நின்றவருக்கு ஒளிய முதுகு இல்லை, அவர் காவடிக்குப் பின்னால் போனார்.

கணக்குப் பார்த்ததில் கடனில்லாதவர் ஒரே ஒருவர்தான், தங்கதுரை. கல்யாணம் ஆகாததால் கடனைப் போட்டு வைக்க அவருக்கு வேறு பேர் இல்லை. உரக்கடையில் மாட்டிக்கொண்டதும் அதனால்தான், தீர்க்க வேண்டி வந்ததும் அதனால்தான்.

ஈஸ்வரமூர்த்தி கயிற்றுக் கட்டை அவர் கையில் கொடுத்தார். “இனி நீதான் தம்பி குருசாமி. கட்டுப்பாட்டுப்படி நீ ஒருத்தன்தான் போகலாம்.”

“ஒத்தையாப் போயி நான் யாருகூட அரோகரா போடறதுங்க?” தங்கதுரை கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வருஷம் முழுக்க ஆசைப்பட்ட நாள். கையில் வந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. “சரி, இப்படிப் பண்ணலாம். கடனிருக்குதான்னு நான் கேக்கமாட்டன். எதுக்கு வாங்குனீங்க, யாரு கட்டறது, எப்பத் தீரும்? அவங்கவங்க சத்தமாச் சொல்லோணும். ஊட்டுக்காரிங்க பக்கத்துல வந்து நில்லுங்க. பொய்யின்னா சொல்லுங்க. பொய் சொன்னவங்களுக்குக் கயிறு கெடையாது.”

நல்ல நேரம் போய், ராகு காலம் வந்து, அதுவும் போனது. பூசாரி இரண்டு தடவை கற்பூரத்தை மாற்றினார். சந்துரு இரண்டு தேதி சொல்லி, இரண்டையும் யோகப்பிரியா தள்ளுபடி செய்து, மூன்றாவதைத்தான் ஏற்றுக்கொண்டாள். ஒருவர் கடன் எதற்கு வாங்கினார் என்று சொல்ல மறுத்துவிட்டு வேட்டியை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கடைசி ஆள் ஈஸ்வரமூர்த்தி. போர்வெல், கல்யாணம், குழாய் என்று சொன்னார்.

“எப்பத் தீரும்?”

“அடுத்த தைப்பூசத்துக்குள்ள.”

“பொய்யிங்க” என்றாள் நாச்சம்மாள். “எஃப்.டி.யை எடுத்தாக் கால்வாசி தீரும். மிச்சத்துக்குக் கரும்பு நல்லா வரோணும், மழை பெய்யோணும். தேதியெல்லாம் எனக்கே தெரியாதுங்க.”

தங்கதுரை ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார். கயிற்றை மடக்குவதற்கு அவர் கைக்கு எல்லா உரிமையும் இருந்தது. “மாத்திச் சொல்லுங்கண்ணா” என்றார்.

“கால்வாசி” என்றார் ஈஸ்வரமூர்த்தி. “மிச்சம் தெரியாது.”

கயிறு ஏறியது.

அந்த வருஷம் அவர் கூட்டத்தின் வாலில் நடந்தார். வாலில் நடப்பது சுலபமல்ல, முன்னால் நிற்பதும் நடப்பதும் எதற்கென்று தெரியாது. எல்லோரும் மரத்தடியில் படுத்தால் அவர் மட்டும் நடந்துகொண்டிருப்பார். உடுமலைப்பேட்டை தாண்டி ஒரு புளியமர நிழலில் நாச்சம்மாளுக்குப் போன் போட்டார்.

“எம்.எல்.ஏ. ஆபீஸ்ல இருந்து ஏதாச்சும் வந்துச்சா?”

“வரலீங்க.”

“திரும்பி வந்ததும் இன்னொண்ணு போடறன். பேங்குக்குப் போனியா?”

“போனன். நீங்க எடுத்துக் குடுத்த எஃப்.டி. காசுல கால்வாசி கட்டீட்டன். எல்லாத்துக்கும் நானேதான் வரோணுமா, உங்க ஊட்டுக்காரர் வரமாட்டாரான்னு மேனேஜரு கேட்டாரு. அடுத்த தடவை உள்ள வருவாருன்னு சொல்லியிருக்கறனுங்க.”

“மிச்சம்?”

“முக்கால்வாசி அங்கதான் கெடக்குது. எங்க போயிரும்? நீங்க நடங்க.”